நெல் அமுங்கும் சத்தம்

பண்ணை வீட்டுக்குள் ஒரு குருவிகூட இல்லை என்பதைத்தான் அம்சம் முதலில் கவனித்தாள். தாழ்வாரம் நெடுக அவித்த நெல்லைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஐப்பசி வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் களத்திலிருந்து அள்ளிவந்து உள்ளே கொட்டிய நெல், இன்னும் ஆவி அடங்காமல், ஈர வைக்கோலும் புழுக்கமும் கலந்த வாசனையோடு கிடந்தது. இப்படி நெல் கிடக்கிற வீட்டில் குருவிகளின் இரைச்சல் காதைத் துளைக்க வேண்டும். இங்கே உத்தரத்தில் ஒரு கூடு இல்லை. தரையில் எச்சம் இல்லை. மூலைகளில் எலிப்புழுக்கையோ எறும்புச் சாரியோ இல்லை. நெல்லை யாருமே தொடவில்லை.

"உக்காருங்க மேடம்" என்று வீட்டுக்காரர் சாரங்கபாணி தேக்கு நாற்காலியைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். இந்த நாற்காலியில் உட்காரத்தான் அவள் இந்த வேலையைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

திருவாரூர் தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம் அது. புது மாவட்டத்தின் வரலாற்றுச் செய்திகளும் பார்க்க வேண்டிய இடங்களும் அடங்கிய ஒரு கையேடு கொண்டுவர உத்தரவாகியிருந்தது. மக்கள் தொடர்பு அலுவலகத்தில் உதவி அலுவலராக இருந்த அம்சம், குடவாசல் வட்டத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கோயில்கள், சத்திரங்கள், படித்துறைகள் என்று தொகுத்துக்கொண்டே வந்து கடைசியில் பூவனங்குடிக்கு வந்திருந்தாள். பூவனங்குடி பண்ணை வீட்டையும் அதிலுள்ள, ஐந்நூறு கலம் நெல் பிடிக்கும் பத்தாயத்தையும் கையேட்டில் சேர்க்கும்படி சாரங்கபாணி ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பூவனங்குடி அவள் பிறந்த ஊர், கீழத்தெருவில் பிறந்தவள். அந்தத் தெருக்காரர்களுக்கு இந்த வீட்டின் பின்பக்கத்துக் களம்தான் எல்லை. அவளுடைய அப்பன் வீரையன் ஒரே ஒரு முறை அந்த எல்லையைத் தாண்டி உள்ளே வந்தான். ஆட்சி மாறியதற்கு அடுத்த தை அறுவடை அது. கலத்துக்கு அரை மரக்கால் கூலி நெல் கூட்டிக் கேட்டு, சங்கம் அறுவடையை நிறுத்தி வைத்திருந்தது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் வா என்று பண்ணையிலிருந்து ஆள் வந்தது. சங்கத்தின் சார்பில் வீரையன் போனான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. பேச்சு முடிந்து அவன் போய்விட்டான், எவளோ ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறிவிட்டான் என்று பண்ணை சொன்னது. தெரு முதலில் அந்தப் பேச்சின் மேல் காறித் துப்பியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நம்பியது.

அம்மா ராமாயி நம்பினாளா இல்லையா என்பது கடைசி வரை தெரியவில்லை. மாயவரத்தில் வீட்டு வேலை செய்து மகளைப் படிக்க வைத்து, சாகிற வரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அம்சம் நம்பினாள். நம்பி வெறுத்தாள். 'கப்பல்காரன் மகளே' என்று கூப்பிட்ட பிள்ளைகளை அடித்தாள், அடி வாங்கினாள். தகப்பன் பெயர் கேட்கும் இடத்திலெல்லாம் பேனாவை அழுத்தித் தாளைக் கிழித்தாள். ஒரு கோபம் அவன் மேல். இன்னொரு கோபம், அவனைப் பற்றி அப்படிப் பேசிச் சிரித்த இந்த வீட்டின் மேல். இரண்டையும் சுமந்துகொண்டு அவள் இன்று முன்வாசல் வழியாக உள்ளே வந்திருந்தாள்.

"எழுதிக்குங்க மேடம்" என்றார் சாரங்கபாணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெளுத்த வேட்டி, மார்பில் சந்தனம், கக்கத்தில் இடுக்கிய ஒரு நீள டார்ச். "மராட்டிய ராஜா காலத்து வீடு. இருநூறு வருஷத்துக்கு ஒரு நாள் குறையாது. பத்தாயம் பூரா பர்மாத் தேக்கு. ஒரு ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை பூட்டியிருக்கு. தமிழ்நாட்டுலயே பெரிய பத்தாயம் இதுதான்னு போட்டுடுங்க."

"விசாரிச்சிட்டுப் போடறோம் சார்."

'சார்' என்றதும் அவர் புருவம் லேசாக ஏறி இறங்கியது. இந்த ஊரில் அவர் 'ஐயா'. அந்தச் சொல்லை இங்கே தன் வாயிலிருந்து வரவிடுவதில்லை என்று அவள் ஜீப்பில் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள்.

கூட வந்த புகைப்படக்காரர் இளையபெருமாள் வானத்தை எட்டிப் பார்த்தார். "மழை புடிக்கறதுக்குள்ள குளத்துக்கு அந்தாண்ட இருக்கற கோபுரத்தை எடுத்துட்டு வந்துடறேன் மேடம். பத்தாயத்தை அப்புறமா ஃப்ளாஷ் போட்டு எடுத்துக்கலாம்." ஜீப் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறைந்தபோது வீடு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

பத்தாயம், முற்றத்தைத் தாண்டி, வீட்டின் இரண்டாம் கட்டில் நின்றது. அறைக்குள் இன்னொரு அறையை இறக்கி வைத்த மாதிரி, தரையிலிருந்து மாடித் தளத்தை முட்டும் உயரத்துக்கு, எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன தேக்குப் பலகைகள். ஜன்னலிலிருந்து வந்த சாம்பல் வெளிச்சம் பலகையில் விழுந்தும் பளபளக்காமல் உள்ளே போய்விட்டது. நெல்லை மாடியிலிருந்து மேல் வாய் வழியாகக் கொட்டுவார்கள். கீழே, முழங்கால் உயரத்தில் இருந்த வாய் வழியாக எடுப்பார்கள். கீழ் வாயை மேலே தூக்கித் திறக்கிற ஒரு பலகை மூடியிருந்தது.

அதன் அடியில், செங்கல் தரையில், ஒரு கைப்பிடி நெல் சிந்திக் கிடந்தது.

அவள் குனிவதற்குள் உள்ளிருந்து ஓர் அம்மாள் விளக்குமாறும் முறமுமாக வந்தாள். சாரங்கபாணியின் மனைவி பிரகதாம்பாள். மெலிந்த உடம்பு, கழுத்தில் தடித்த தாலிக்கொடி. யார் முகத்தையும் பார்க்காமல் அந்த நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனாள். வாசல் தெளிப்பது மாதிரி தினமும் செய்து பழகிய வேலை என்று அவள் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரு மணி மட்டும் செங்கல் இடுக்கில் தப்பியிருந்தது. அம்சம் அதை எடுத்தாள். நுனியில் நீண்ட வால் வைத்த சிவப்புச் சம்பா. அவளுடைய சின்ன வயதில் வயலெல்லாம் அதுதான். குட்டை நெல் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் போடுவதில்லை. விரல்களுக்கு நடுவில் அந்த மணி ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"பத்தாயத்துல நெல் இருக்கா சார்?"

"முப்பது வருஷமாக் காலி. அப்பா கழுவி விட்டு மூடினது. பழசு ஏதாவது இடுக்குல கிடந்து உதிரும்."

"ஏன் மூடினாங்க?"

"காலம் கெட்டுப் போச்சு மேடம்." அவர் பலகையைத் தட்டிக் கொடுத்தார். "ஆட்சி மாறிச்சு. உச்சவரம்புன்னான், குத்தகைச் சட்டம்னான். கொடி புடிச்சவன்லாம் சமமா நின்னு பேச ஆரம்பிச்சான். இதோ, இந்தக் கட்டு வரைக்கும் வந்து நின்னு கூலி கேட்டவன்கூட உண்டு."

"அவரு என்ன ஆனாரு?"

'அவரு' என்ற சொல்லை அவர் கவனிக்கவில்லை. சிரித்தார். வயிற்றிலிருந்து வந்த, சங்கடமே இல்லாத சிரிப்பு. "என்ன ஆவான்? கப்பலேறிட்டான். இந்தப் பயலுவளுக்கெல்லாம் ஏது குடும்பம், ஏது பொறுப்பு? அதையெல்லாம் எழுதாதீங்க. பார்க்க வர்றவங்களுக்கு நல்லதா நாலு விஷயம் எழுதுங்க."

அம்சம் மனதுக்குள், பினாங்கில் ஏதோ ஒரு தெருவில் கிழவனாகி உட்கார்ந்திருக்கும் ஒரு முகமில்லாத ஆளைத் திட்டினாள். உன்னால்தான். உன்னால்தான் இவன் என் முன்னால் இப்படிச் சிரிக்கிறான்.

"மேல் வாய் வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தாத்தான் இதோட ஆழம் தெரியும்" என்றார் சாரங்கபாணி. "தாழ்ப்பாள் துருவேறியிருக்கும். நான் போய்த் தட்டித் திறந்துட்டுக் கூப்பிடறேன். மெதுவா வாங்க."

அவர் மாடிப்படி ஏறிப் போனார். மழை அப்போது பிடித்தது. ஓட்டின் மேல் முதலில் சில்லறையாகச் சிதறி, பிறகு ஒரேயடியாக, பேச்சை அடைக்கிற கனத்தோடு இறங்கியது. முற்றத்துத் தூம்புகள் நாலு மூலையிலும் பொழிய ஆரம்பித்தன. மின்சாரம் போயிற்று. பிற்பகல்தான் என்றாலும் இரண்டாம் கட்டுக்குள் இருட்டு கணுக்காலில் தொடங்கி மேலே ஏறியது. அவித்த நெல்லின் வாசனையும், ஈரச் சுண்ணாம்பின் வாசனையும், தேக்கின் பழைய எண்ணெய் வாசனையும் அந்த இருட்டோடு சேர்ந்து மூக்கை மூடின.

டக்.

தாழ்ப்பாளைத் தட்டுகிறார் என்று நினைத்தாள்.

டக். டக்.

மாடியில் சாரங்கபாணியின் காலடிச் சத்தம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அவர் மேல் வாய்க்குப் போய்ச் சேரவே இல்லை. தட்டுகிற சத்தம் அவளுடைய முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. பத்தாயத்துக்குள்ளிருந்து.

பெருச்சாளியாக இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். எலியே இல்லாத வீட்டில் எந்தப் பெருச்சாளி என்று அவளே கேட்டுக்கொண்டாள். வெளியே போய்விடலாம். முன்கட்டு, வாசல், மழை, குளக்கரை, ஜீப். கால் நகரவில்லை. பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் அந்தச் சிரிப்பு இன்னும் கிடந்து எரிந்தது. இந்த வீட்டிலிருந்து பயந்து ஓடிப்போவதாகத் தன்னை நினைத்துப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. உள்ளங்கையைப் பலகையின் மேல் வைத்தாள்.

பலகை சூடாக இருந்தது.

அவள் கை இருந்த இடத்துக்கு நேராக, மறுபக்கத்திலிருந்து, தட்டியது.

கையை எடுத்தாள். தள்ளி வைத்தாள். சத்தமும் தள்ளி வந்தது. இன்னும் தள்ளி. வந்தது.

"அது நெல் அமுங்குற சத்தம்."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிரகதாம்பாள் ஓர் அரிக்கேன் விளக்கோடு பின்னால் நின்றிருந்தாள்.

"காலின்னு சாரு சொன்னாரே."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க." விளக்கைத் தரையில் வைத்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த புதுசு. தை மாசம். வெளியூர் ஆளைக் கூட்டியாந்து அறுத்து, மூட்டை மூட்டையா மாடியில ஏத்தி இதுக்குள்ள கொட்டிக்கிட்டிருந்தாங்க. அந்தாண்ட ரூம்ல நான் படுத்திருக்கேன். சத்தம் கேக்குது. என்னன்னு மாமனாரைக் கேட்டேன். புது நெல்லும்மா, அமுங்குதுன்னாரு. பதினேழு வயசு எனக்கு. நம்பிட்டேன்."

மழை. தூம்பு. பத்தாயத்துக்குள் டக், டக்.

"அப்புறம் பேசிச்சு" என்றாள் பிரகதாம்பாள்.

"என்னது?"

"நெல் பேசுமா? பேசிச்சு. நான் வீரையன், கீழத்தெரு வீரையன், உள்ள ஆள் இருக்கேன்யா, கொட்டாதீங்க. இதையே திரும்பத் திரும்ப. மேல கொட்டுறவங்க வெளியூரு. உள்ள இருக்கறது மனுஷன்னு அவங்களுக்குத் தெரியட்டும்னுதான் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். அவங்க காதுல விழுந்துச்சோ இல்லையோ. என் காதுல விழுந்துச்சு. என் புருஷன் மேல்வாய்க்கிட்ட நின்னு, நிறுத்தாதே, கொட்டுங்கடான்னதும் விழுந்துச்சு."

அம்சம் செங்கல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷம். முப்பது வருஷமாகத் திட்டிய திட்டுகள் ஒவ்வொன்றும் தொண்டைக்குள் திரும்பி வந்தன. கப்பல் இல்லை. எவளும் இல்லை. பினாங்கு இல்லை. களத்துக்கு அந்தப் பக்கம் அவளும் அம்மாவும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கூப்பிடு தூரத்தில், இந்தப் பலகைக்குள்.

"பேர் சொல்றது நின்னு போச்சு" என்றாள் பிரகதாம்பாள். "வாயில நெல் போயிருக்கும். கடைசியில வேற ரெண்டு பேரு சொன்னான். ராமாயின்னு ஒண்ணு. அம்சம்னு ஒண்ணு. சாமி பேரோ என்னவோ."

"நான்தான் அம்சம்."

பிரகதாம்பாள் அவளைப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் முறையாக முகத்தைப் பார்த்தாள். மன்னிப்பு எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கீழ் வாயை மூடியிருந்த பலகை ஒரு விரல் அளவு தானாக உயர்ந்தது.

நெல் வந்தது. முதலில் நாலைந்து மணி. பிறகு கயிறு போல ஒரே சீராக. சிவப்புச் சம்பா, ஈரச் சம்பா, சரசரவென்று செங்கலில் விழுந்து குவிந்து அவளுடைய புடவை ஓரத்தைத் தொட்டது. கூடவே ஒரு வாசனை வந்தது. அவித்த நெல்லின் வாசனை இல்லை அது. இனிப்பும் அழுகலும் கலந்த கனமான வாசனை. அது மூக்கில் ஏறிய கணத்திலேயே நாக்கு அதை அடையாளம் கண்டுகொண்டது.

ஆறு வயது. வேலைநிறுத்தம் முடிந்து கூலி கூட்டிக் கொடுத்த முதல் நாள். தெருவே அடுப்பு மூட்டியது. அம்மா குத்திப் புடைத்துக் காய்ச்சிய கஞ்சி. ஒரு வாய்தான் குடித்தாள், குமட்டித் துப்பினாள். அம்மா அறைந்தாள். 'சண்டை போட்டு வாங்குன கூலிடி. துப்பாதே. முழுங்கு.' முழுங்கினாள்.

"அந்தக் கூலி..." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அந்தத் தடவை கூலி எதுலேருந்து அளந்தீங்க?"

பிரகதாம்பாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எதுலேருந்து?"

"இதுலேருந்துதான்." சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நெல்லுத்தானே கேட்டானுங்க, கேட்டதைத் தின்னட்டும்னு மாமனார் சொன்னாரு. வாய் அடைச்சுக்கற வரைக்கும் அளந்தாங்க. அப்புறம் ஆளை விட்டுக் கிண்டி எடுத்து ஆத்துல விட்டாங்க. கழுவினாங்க. எத்தனை கழுவியும் தினமும் ஒரு பிடி வருது. நான்தான் கூட்டறேன்."

அம்சம் எழுந்தாள்.

அவளுக்கு வாந்தி வரவில்லை, வந்தது வேறு. தலை முதல் கால் வரை அவளை நேராக நிமிர்த்திவிட்ட ஒன்று. எங்களுக்கே. எங்களுக்கே போட்டார்கள். அம்மா கையால் ஊட்ட வைத்தார்கள். பிறகு சந்தனம் பூசிக்கொண்டு வந்து, பார்க்க வருகிறவர்களுக்கு நல்லதாக நாலு விஷயம் எழுது என்கிறார்கள்.

இரண்டு கைகளாலும் அடைப்புப் பலகையைப் பிடித்தாள். தூக்கினாள். அது வழுக்கிக்கொண்டு மேலே போனது, யாரோ உள்ளேயிருந்து கூடச் சேர்ந்து தூக்கியது போல.

நெல் பாய்ந்தது.

வாய்க்கால் மடை உடைந்த வேகம். அவளுடைய காலைத் தட்டிவிட்டது. அரிக்கேன் புரண்டு அணைந்தது. கணுக்கால். கெண்டைக்கால். முழங்கால். காலிப் பத்தாயத்திலிருந்து ஐந்நூறு கலம் வந்தது, ஆயிரம் கலம் வந்தது, நிற்கவில்லை. முற்றத்தில் இறங்கி மழைத் தண்ணீரில் மிதந்து, தாழ்வாரத்து அவித்த நெல்லை மூடி, முன்கட்டுக்குள் புகுந்தது. பிரகதாம்பாள் எதையோ கத்தியபடி அதில் விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, வாசல் பக்கம் போனாள்.

மாடியில் இரும்பு கிறீச்சிட்டது. மேல் வாய் திறந்தது. சாரங்கபாணியின் டார்ச் வெளிச்சம் பத்தாயத்துக்குள் இறங்கி, பலகை இடுக்குகளில் கோடு கோடாகக் கசிந்தது.

"மேடம், மேல வா..." அவர் குரல் பாதியில் நின்றது.

பிறகு, "யாரு? யாருடா அது உள்ள?"

அவர் ஓடிவருகிற காலடி.

அம்சம் இடுப்பளவு நெல்லில் நின்றாள். நெல்லுக்குள் ஏதோ அவளுடைய முழங்காலைத் தொட்டது. மெதுவாக. தடவித் தேடுகிற மாதிரி. குனிந்து கையை உள்ளே விட்டாள். ஒரு கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"அப்பா."

அந்தச் சொல்லை அவள் வாய் சொல்லி முப்பது வருஷம் ஆகியிருந்தது. இழுத்தாள். கை வந்தது. மணிக்கட்டு, முழங்கை. அதற்கு மேல் வரவில்லை. காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. நகக்கண்ணில் உமி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது. அதுவும் காய்த்த கை. இதுவா, அதுவா? ஆறு வயதில் பார்த்த கை. எது அப்பாவின் கை என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு மற்றதையும் பிடிக்கப் போனாள்.

மூன்றாவது கையில் கண்ணாடி வளையல் இருந்தது.

நான்காவது சின்னக் கை. பால்குடி மறக்காத கை.

மின்னல் வெட்டியது. அந்த வெளிச்சத்தில் இரண்டாம் கட்டு முழுக்கத் தெரிந்தது, முற்றம் தெரிந்தது, முன்கட்டு வரை தெரிந்தது. நெல்லின் மேல் முழுக்கக் கைகள். கயிறு அறுத்த தழும்போடு. சாட்டை வரிகளோடு. சுருங்கிய கிழக்கைகள், பிஞ்சுக் கைகள். வரிசை பிடித்து நட்ட நாற்றுப் போல, ஒரு சாண் இடைவெளி விட்டு, பசேலென்ற வயலைப் போல நெருக்கமாக. இருநூறு வருஷம் என்று அவர் சொன்னாரே. ஒரு நாள் குறையாது என்றாரே. எல்லா உள்ளங்கைகளும் மேல்நோக்கி விரிந்திருந்தன.

சாரங்கபாணி மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து நின்றார். டார்ச் கையிலிருந்து நழுவி நெல்லில் விழுந்து, அங்கேயே எரிந்தது.

"மூடுடி!" என்று கத்தினார். 'மேடம்' போய்விட்டது. "வாயை மூடுடி! யாருடி நீ? எந்தத் தெருடி?"

அவள் சொன்னாள். பெயரை, தெருவை, அப்பன் பெயரை. சத்தமாக, ஒவ்வொன்றையும் நிறுத்தி.

கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மாடிப்படிப் பக்கம் திரும்பின.

அவர் ஒரு படி ஏறினார். நெல்லும் ஒரு படி ஏறியது. இன்னொரு படி. நெல்லும். அவர் வேட்டி நுனியை ஒரு சின்னக் கை பற்றிக்கொண்டது. அவர் அம்சத்தைப் பார்த்தார். வாய் அசைந்தது. மழையில் சத்தம் கேட்கவில்லை. 'அம்மா' என்றுதான் இருக்கும்.

அவள் பிடித்திருந்த கை லேசாக இழுத்தது. முரட்டுத்தனமில்லை. கூட்டத்தில் குழந்தை உத்தரவு கேட்டு இழுப்பது போன்ற இழுப்பு. இழுத்துவிட்டுக் காத்திருந்தது.

அம்சம் பிடியை விட்டாள்.

அடுத்த மின்னலில், நடவு வயலுக்குள் காற்றுப் புகுந்தது போல, அத்தனை கைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து படிக்கட்டை மூடியிருந்தன. அவற்றுக்கு நடுவே சந்தனம் பூசிய ஒரு மார்பும், நெல் நிரம்பி உப்பிய இரண்டு கன்னங்களும், மூட முடியாமல் விரிந்த ஒரு வாயும் தெரிந்தன. வாயிலிருந்து வழிந்த நெல் தரையைத் தொடவில்லை. கீழே ஏந்தி நின்ற உள்ளங்கைகளில், ஒவ்வொன்றிலும் ஒரு பிடியாக, அளந்து விழுந்துகொண்டிருந்தது.